முயலின் கோணல் காதைக் காத்தவருக்கு

துருவுக்குள் துயிலும் கோடுகளைத் துடைத்தழிக்காமல் காத்தவரே! பொறுமையையே முதல் கருவியாகக் கொண்டவரே! எங்கள் ஆசான், மேஸ்ட்ரோ ஃபெர்மோ கொன்த்ரீனி அவர்களே, வணக்கம்!

துப்பாக்கி என்றால் பளபளக்க வேண்டும் என்று நம்பும் பள்ளத்தாக்கு இது. துப்பாக்கி செய்தே பிழைக்கும் நம் கார்தோனேயில் துருவைத் தேய்க்காமல் விடுவது, அழுக்குச் சட்டையோடு மாதா கோயிலுக்குப் போவதற்குச் சமம். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர் அருங்காட்சியகத்திலேயே பழைய துப்பாக்கிகளைப் பராமரித்தபடி அமர்ந்து, “கண்டெடுத்த நிலையிலேயே இருக்கட்டும்” என்று ஆயுள் முழுக்கச் சொல்லி வந்தீர்கள். பக்கத்து மேசை எஜீதியோ விடுவாரா? “இவரு வீட்டுல ரொட்டி பூஞ்சை பூத்தாகூடத் தொடமாட்டாரு. கண்டெடுத்த நிலையாம்!” என்பார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் நீங்கள்தான்.

நீங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், உங்கள் பணிகளை எல்லாம் சொல்ல இந்த மடல் போதாது. ஒன்றைச் சொல்கிறோம்.

சந்தீனா பெல்லேரி அம்மாள் ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய தந்தை செதுக்கியது. போர்க்காலத்தில் மாட்டுக்கொட்டகை மண்ணில் புதைத்திருந்ததால் முழுவதும் துருவேறியிருந்தது. அதன் பக்கத்தகட்டில் ஒரு முயல் உண்டு என்றார். சிறுமியாக இருந்தபோது தந்தை உளியைத் தன் கையில் கொடுத்து முயலின் ஒரு காதைச் செதுக்க விட்டார் என்றும், அது கோணிக்கொண்டது என்றும் சொன்னார். வீட்டில் ஒருவரும் அதை நம்பியதில்லை. வழக்கம்போல் துரு அப்படியே இருக்கட்டும் என்றீர்கள்; அம்மாள் விடவில்லை.

“துருவைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? முயலைக் காட்டுங்க. இல்லன்னா குடுத்துடுங்க. கீழ கடைவீதியில ஒருத்தன் ஒரே நாள்ல கண்ணாடி மாதிரி ஆக்கித் தரேங்கிறான்.”

“கண்ணாடியாத்தாம்மா ஆகும். அதுல உங்க முகம் தெரியும். உங்க அப்பா கை தெரியாது” என்றீர்கள்.

இரும்பு ஆழமாக அரித்துப்போயிருந்தது. கோடுகள் எங்காவது மிஞ்சியிருந்தால், அது துருவின் அடுக்குக்குள்ளேதான். அடிவரை தேய்த்தால் இரும்பு மின்னும், முயல் போய்விடும். தொடாமலே விட்டால் அம்மாள் தேய்ப்பவனிடம் போய்விடுவார். அப்போது நீங்கள் உங்கள் கொள்கையை ஒரு நகத்தளவு தளர்த்தினீர்கள். உருப்பெருக்கிக்குக் கீழே, ஊசிமுனையால், குளிர்காலம் முழுக்க அந்த ஓர் இடத்தை மட்டும் திறந்தீர்கள்.

முதலில் பார்த்தவர் எஜீதியோ. “அட, காது கோணல்தான்யா!”

“சொன்னேன்ல?” என்றார் சந்தீனா அம்மாள். “எங்கண்ணனுங்க ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் சிரிச்சானுங்க.”

பிறகு அவர் வெறும் விரலை நீட்டினார். கையுறை இல்லாமல் எங்களில் யார் இரும்பைத் தொட்டாலும் விரட்டும் நீங்கள், அப்போது பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே மழை வருமா என்று விசாரித்தீர்கள்.

துப்பாக்கியை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். வியர்வையின் உப்பு தன் வேலையைச் செய்தது. சில வாரங்களில், கோணல் காதின் மேல் அவருடைய விரல்ரேகை மெல்லிய பழுப்பாகப் பூத்திருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று ஆய்வகத்தில் உங்களிடம் கேட்டோம்.

“வேணாம்மா. அந்தக் காதைச் செதுக்கின விரலு அது. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்.”

துரு மேலும் பரவாதபடி உலர்த்தி, ரேகையின் மீதே மெழுகு பூசினீர்கள். அம்மாள் மறைந்த பிறகும் அது அங்கேயே இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் முயலைவிட அதைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள்.

மேஸ்ட்ரோ! மலையில் காளான் குறையாமல், ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடும் அடுப்பு அணையாமல், கண்ணும் கையும் தளராமல் நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். எஜீதியோ தேய்க்கும் தாளோடு அந்தத் துப்பாக்கி இருக்கும் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் போகாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். காற்றை உலர்வாக வைத்திருப்போம். அந்த ரேகையை யாரும் துடைக்க மாட்டோம்.

என்றும் அன்புடன்,
பட்டறை, ஆய்வகம், வாயிற்காவல் தோழர்கள்
(எஜீதியோவும் கையொப்பமிட்டிருக்கிறார், கையுறையோடு)