வலப்பக்கம் இழுத்த வண்டி

— டயர்ல காத்து ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, ரசலையா. பின்னால சுக்கானும் நேரா நிக்கி. பின்ன எதுக்கு அன்னைக்கு வெள்ளத்துல வண்டி வலப்பக்கமே இழுத்துது?

— தெரியல, அண்ணாச்சி.

— குடிச்சிருந்தியா?

— நான் தொடமாட்டேன்னு உமக்குத் தெரியும்.

— தெரியும். எங்க அம்மை இதுல இருந்து பழையாத்துல விழுந்து செத்து பத்து நாளாச்சு. யாரையாவது குத்தம் சொல்லணும்போல இருக்கு.

— என்னையச் சொல்லும். என் கை தவறிப்போச்சு.

— கை ஒருக்கா தவறும். இது பாலத்துல இருந்து கோயில்மேடு வரை இழுத்துக்கிட்டே போயிருக்கு. பட்டாளத்துக்காரன் ஏலத்துல விட்ட வண்டி, தரையிலயும் தண்ணியிலயும் ஓடும்னு அதை எடுத்த காண்ட்ராக்டருக்குப் பெருமை. வண்டியில பழுதா, டிரைவர்ட்ட பழுதான்னு நாளைக்கு மெக்கானிக்கு நான்தான் எழுதிக் குடுக்கணும். உன் லைசென்சு அதுலதான் இருக்கு.

— மழை வருகு, அண்ணாச்சி. கரையேத்துவோம்.

— இரி. காலையில வெறும் வண்டியைக் குளத்துல விட்டுப் பாத்தேன், நூல் பிடிச்சாப்புல போச்சு. இப்பம் அதே குளத்துல வலப்பக்கம் மட்டும் மணல்மூட்டை ஏத்தி விட்டிருக்கேன். ஸ்டியரிங்கை நேரா பிடி. என்ன செய்யுகு?

— இழுக்கு.

— அன்னைக்கும் இதே மாதிரியா?

— இதே மாதிரிதான்.

— வண்டியில எத்தனை பேரு?

— பதினாறு.

— இடப்பக்கம்?

— நாலு. கீழக்குடியில கூரைமேல நின்ன ஒரு தாயும் மூணு பிள்ளைகளும்.

— மிச்சம் பன்னிரண்டு பேரும் ஒரே பக்கமா? மாறி இருக்கச் சொல்லப்பிடாதா நீ?

— ரெண்டு தடவை சொன்னேன். இளவட்டம் ரெண்டுபேரு எழும்பவும் செஞ்சானுவ.

— பொறவு?

— ஒரு ஆளு அவனுவ கையைப் பிடிச்சு இருத்திடுச்சு. கீழக்குடிக்காரங்க மேல முட்டினா தீட்டுன்னு.

— யாரது? பேரைச் சொல்லு. கோர்ட்டுல ஏத்தாம விடமாட்டேன்.

— வேண்டாம், அண்ணாச்சி.

— கோட்டிக்காரா, உனக்கும் மூணு பிள்ளை இருக்கு. லைசென்சு போனா அதுக என்னத்தைத் தின்னும்? யாருக்காக வாயை மூடுக?

— கர்த்தர் பாத்துக்கிடுவாரு. உம்ம அம்மையை ஊரெல்லாம் நல்லவங்கன்னு சொல்லுகு, பதினாறாம் நாள் அடியந்திரமும் வரப்போகு. அந்தப் பேரு அப்பிடியே இருக்கட்டும். என் கை தவறிச்சுன்னே எழுதும்.