கால்டரில் ஒரு துறை இருக்கிறது

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர், மவுண்ட் நீபோ சபையின் போதகர் அலோன்சோ ட்ரூயிட் அவர்களே! முதல் வரிசையில் வெள்ளுடையும் வெண்தொப்பியும் அணிந்து, என்னை ஆசீர்வதிக்கவும் அதைவிட அதிகமாய் அளவெடுக்கவும் வந்தமர்ந்திருக்கும் சபைத் தாய்மார்களே! ஆலை வேலை முடிந்து, போட்ட சட்டையோடே வந்துவிட்ட அண்ணன்மார்களே! கால்டர் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்கவியல் துறையில் படித்தவர்களே, படிக்கிறவர்களே, "அங்கே போய் என்னத்தைப் படித்துக் கிழிக்கப் போகிறாய்" என்று கேட்டுக்கொண்டே பிள்ளைகளை அனுப்பிய பெற்றோர்களே! அத்துறையின் தலைவியாகிய வெர்னெட்டா பேட்டில், உங்கள் ஒவ்வொருவரையும் உளமார வணங்குகிறேன்.

சமையலறையில் கோழி பொரிகிற வாசனை எனக்கும் வருகிறது. அந்த வாசனையோடு போட்டி போட்டு ஜெயித்த பேச்சாளர் டொலிடோ நகரில் இன்றுவரை இல்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

நாளை காலை பத்து மணிக்குப் பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூடுகிறது. நம் துறையை மூடலாமா என்று முடிவெடுக்கிறது. மூடுதல் என்று அவர்கள் சொல்லவில்லை. வேறொரு துறையோடு இணைத்தல் என்கிறார்கள். சர்க்கரை தண்ணீரில் இணைகிறதே, அந்த இணைப்பு. காரணம் கேட்டேன். குழுவில் ஒரு கனவான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி என்னைக் கேட்டார்: "டாக்டர், உங்க பசங்க இதப் படிச்சிட்டு வெளிய வந்து என்னதான் பண்றாங்க?"

நல்ல கேள்வி. நானே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கான பதில் என் வகுப்பறையில் பிறக்கவில்லை. இதே சபை மண்டபத்தில், நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கும் இதே தரையில் பிறந்தது. சொல்லட்டுமா?

சொல்லு என்கிறார் முதல் வரிசைத் தாய்மாரில் மூத்தவர், மதர் ஒஃபீலியா. உத்தரவு கிடைத்துவிட்டது.

நம் சபையில் காணிக்கை நேரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தட்டு நம்மைத் தேடி வராது. நாம்தான் எழுந்து, பாட்டோடும் அசைவோடும் சபையைச் சுற்றி வந்து காணிக்கை வைப்போம். பாட்டன் காலந்தொட்டு அந்தச் சுற்று இடஞ்சுழியாகத்தான் போகும். யாரும் அறிவித்ததில்லை, யாரும் எழுதி வைத்ததில்லை. சென்ற இலையுதிர் காலத்தில் பக்கக் கதவருகே நெரிசல் என்று, ஒழுங்குப் பணியாளர் தலைவர் டீக்கன் க்ளீவன் டாகெட் ஒரு சீர்திருத்தம் கொண்டு வந்தார். இனிமேல் வலஞ்சுழி. அதற்காகத் தரையெங்கும் மஞ்சள் நாடாவில் அம்புக்குறி ஒட்டினார். வெள்ளைக் கையுறை மாட்டிய பணியாளர்கள் வரிசையாய் நின்று, வலப்பக்கம் கை காட்டினார்கள்.

சிரிக்காதீர்கள், டீக்கன் பின்வரிசையில்தான் இருக்கிறார்.

பாட்டு எழுந்தது. பாதம் எழுந்தது. பத்து வரிசையும் எழுந்தது. பாதிப் பேர் அம்பைப் பார்த்து வலப்பக்கம் போனார்கள். பாதிப் பேர் பழக்கத்தைப் பார்த்து இடப்பக்கம் போனார்கள். நடுவழியில் பாடகர் குழுவும் தாய்மார் குழுவும் நேருக்கு நேர் மோதின. தொப்பிகள் பறந்தன. டீக்கன் ஓடி வந்தார்.

"மதர், அம்பு அந்தப் பக்கம் காட்டுது பாருங்க."

மதர் ஒஃபீலியா கிரிம்ஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"காட்டட்டும் தம்பி. என் காலுக்கு அம்பு படிக்கத் தெரியாது."

அன்று அந்தக் கூட்டத்தில் இருவர் நின்றிருந்தார்கள். ஒருத்தி டீக்கனின் மகள் லவோன், கால்டரில் செவிலியர் படிப்பில் இரண்டாமாண்டு. மற்றொருத்தி அவள் விடுதித் தோழி நிசிம்பா, கின்ஷாசாவிலிருந்து வந்த காங்கோக்காரப் பெண், நம் சபைக்கு முதன்முறையாக வந்திருந்தாள். கையுறைக்காரர் வலப்பக்கம் காட்ட, நிசிம்பா நேராக இடப்பக்கம் நடந்துவிட்டாள்.

லவோன் அவள் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். "ஏய், எங்கடி போற? நீ என்ன எங்க சபையிலயா பொறந்த?"

"நானா? வட்டம்னா இப்படித்தானடி போகும். எங்க ஊருல கல்யாணம்னாலும் சாவுன்னாலும் இப்படித்தான் சுத்துவோம். நீங்கதான் தலகீழாப் போறீங்க."

இந்த ஒரு பதில் லவோனை உறங்கவிடவில்லை. திங்கட்கிழமை என் வகுப்புக்கு வந்தாள். செவிலியர் மாணவிகள் வேறு துறையில் ஒரு பாடம் எடுத்தாக வேண்டும் என்ற விதிக்காக எடுத்த பாடம் அது. அதுவரை கடைசி இருக்கையில் கைபேசியோடு குடும்பம் நடத்தியவள். அன்று முன்னால் வந்து உட்கார்ந்து கேட்டாள்: "டாக்டர், நாங்க ஏன் இடப்பக்கமாச் சுத்தறோம்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

தேடினோம். பயணிகளின் பழைய குறிப்புகளில் தேடினோம், ஒலிநாடாக்களில் தேடினோம், தெற்கே போய்ச் சிறு சிறு சபைகளில் உட்கார்ந்து பார்த்தோம். அடிமைப்பட்ட நம் முன்னோர், வேலை முடிந்து, எசமானின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கூடி, வட்டமாய்ச் சுற்றிச் சுற்றித் தொழுதிருக்கிறார்கள். இடஞ்சுழியாக. நடு ஆப்பிரிக்காவிலும் மேற்கிலும் எத்தனையோ ஊர்களில் ஆடுகிற வட்டமும் இடஞ்சுழியாக. அதற்கும் இதற்கும் உறவு உண்டு என்போர் பலர். இன்னும் சான்று வேண்டும் என்போர் சிலர். வாதம் நடக்கட்டும். வாதம் நடக்கும் இடத்துக்குப் பெயர்தான் பல்கலைக்கழகம்.

ஆனால் எண்ணிப் பாருங்கள், என் சொந்தங்களே. கப்பலில் ஏற்றியவன் கையைக் கட்டினான், காலைக் கட்டினான். பெயரைப் பறித்தான், பேச்சைப் பறித்தான், பிள்ளையைப் பறித்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம் என்று இறுமாந்தான். காலுக்குள் ஒரு திசை இருந்ததே, அதை அவனால் எடுக்க முடிந்ததா? கரும்புக் காட்டில் முடிந்ததா? பருத்திக் காட்டில் முடிந்ததா? நம்ம டீக்கனின் மஞ்சள் நாடாவால் முடிந்ததா?

ஆமென். சத்தமாகவே சொல்லுங்கள், தப்பில்லை.

அந்தப் பருவம் முடிவதற்குள் லவோன் செவிலியர் படிப்பை விட்டு நம் துறைக்கு மாற விரும்பினாள். வீட்டில் இடி இறங்கியது. என்னையும் சாப்பிட அழைத்திருந்தார்கள். கீரையும் சோள ரொட்டியும் மேசையில் இருந்தபடியே ஆறின.

டீக்கன் சொன்னார்: "கறுப்பியா இருக்கறதுக்கு ஒரு பட்டமா? அத நான் வீட்லயே இலவசமாச் சொல்லித் தருவேனே. நர்சு வேலைன்னா நாளைக்கே சோறு. இது என்ன சோறு போடும்? டாக்டர், உங்களத் தப்பாச் சொல்லல."

"தப்பாத்தான் சொல்றீங்க டீக்கன். பரவால்ல, சாப்பிடுங்க" என்றேன்.

லவோன் தட்டைத் தள்ளி வைத்தாள். "அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாம ஏன் இடப்பக்கமாச் சுத்தறோம்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கப்பா சுத்தினாரு, நான் சுத்தறேன்."

"தெரிஞ்சிருந்தா அந்த அம்ப ஒட்டியிருப்பீங்களா?"

அந்தச் சனிக்கிழமை டீக்கன் தனியாக இந்த மண்டபத்துக்கு வந்து, முழங்காலில் உட்கார்ந்து, ஒவ்வொரு நாடாவாகச் சுரண்டி எடுத்தார். மகளுக்கும் சம்மதம் சொன்னார். மனம் முழுக்க நிறைந்து சொன்னார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

கண்ணாடி துடைத்த கனவானே, எங்கள் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். அன்புள்ள ஒரு மனிதன், நல்லெண்ணம் கொண்ட ஒரு மனிதன், இந்தச் சபைக்கே உழைத்த ஒரு மனிதன், அறியாமையால் தன் முன்னோரின் தடத்தை மறைக்கப் பார்த்தார். எதிரி மறைக்கவில்லை, நாமே மறைத்தோம். ஒரு மாணவி கேட்டாள், அந்த மறைப்பு நின்றது. இதுதான் வேலை. இந்த வேலைக்கு ஆள் வேண்டாமா? ஐரோப்பாவின் அரசர்கள் யார் யாரை மணந்தார்கள் என்று படிக்க ஆள் வேண்டும். எங்கள் பாதம் எங்கிருந்து நடந்து வந்தது என்று படிக்க ஆள் வேண்டாமா? சவன்னாவிலும் சால்வடோரிலும் கிங்ஸ்டனிலும் கின்ஷாசாவிலும் சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பம் ஒன்றையொன்று அடையாளம் காண ஓர் அறை வேண்டாமா?

நாளை குழுவின் முன் பேச ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயர் யார் கொடுத்தது தெரியுமா? க்ளீவன் டாகெட். என்ன பேசப் போகிறீர்கள் என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லப் போறேன் டாக்டர். வயசு அறுபது தாண்டிடுச்சு, இந்தத் தரையில நடந்தே வளந்தேன், ஏன்னு தெரியாமலே நடந்தேன். என் பொண்ணுக்குத் தெரியுது. அவளுக்குப் பின்னால வர்றதுங்களுக்கும் தெரியணும். கதவ மூடாதீங்கன்னு சொல்வேன். அதுக்கு ரெண்டு நிமிஷம் அதிகம்."

அவருக்குப் பின்னால் நாற்காலிகள் வெறுமையாய் இருக்கலாமா? வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு வாருங்கள், தொப்பியோடு வாருங்கள், கைக்குழந்தையோடு வாருங்கள். குழந்தை அழுதால் அழட்டும், அதுவும் கருத்துத்தான்.

ஒருவேளை மூடியே விட்டால்? அதையும் எண்ணிவிட்டேன். அறையை அவர்கள் பூட்டலாம், பலகையைக் கழற்றலாம், என் சம்பளத்தையும் நிறுத்தலாம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் வகுப்பு இருக்கிறது. அது நடக்கும். இந்த மண்டபத்தில் நடக்கும். வருகைப் பதிவும் எடுப்பேன், தாமதமாய் வருகிறவர்களை வெளியே நிறுத்துவேன். போதகர் அவர்களே, உங்களிடம் இன்னும் அனுமதி கேட்கவில்லை. இத்தனை பேர் முன்னிலையில் இப்போது கேட்கிறேன்.

போதகர் தலையசைத்துவிட்டார். பின்வரிசையில் டீக்கன் எழுந்து நிற்கிறார். என்ன சொல்கிறீர்கள் டீக்கன்? கொஞ்சம் உரக்க.

"சாவி எங்கிட்டதான் இருக்கு, எட்டு மணிக்கே தொறந்து வைக்கறேன்" என்கிறார்.

இதற்கு மேல் நான் பேச என்ன இருக்கிறது? செவிகொடுத்த சபைக்கும், உணவு ஆறாமல் காத்த சமையலறைச் சகோதரிகளுக்கும், இடம் கொடுத்த இறைவனுக்கும் என் நன்றி. நாளை பத்து மணிக்கு முன்பே பல்கலைக்கழகப் படிக்கட்டில் உங்களைச் சந்திக்கிறேன். வணக்கம்.