குஷனோடு தைத்த பெல்ட்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலியில் ஃபோம் அமுங்கிப் போயிருக்கிறது சார். ஓரத்தில் நூலும் விட்டிருக்கிறது. குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டிகளுக்கு சீட் தைத்துப் பிழைக்கிறவன் கண்ணில் முதலில் இதுதான் படும்.

என் மனைவி விபத்தில் இறந்தது சீட் பெல்ட் போடாததால்தான் என்று நீங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள். பெல்ட் மடித்துச் சொருகியபடி இருந்ததைப் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பீர்கள்? என்னையும் தட்டிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினீர்கள். நல்ல மனசோடுதான் செய்தீர்கள். ஆனால் அது தப்பு. அதைச் சரி செய்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

அவள் எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தவள். யார் வண்டியில் ஏறினாலும் முதல் கேள்வி "பெல்ட் எங்கே?" என்பதுதான். வார்டில் பார்த்ததையெல்லாம் சாப்பிட உட்காரும்போது சொல்லுவாள். "கழுத்துல அடிபட்டவங்களை மட்டும் அசைக்கவே கூடாதுங்க. நல்லது பண்றோம்னு தூக்கி, ஆளையே முடிச்சுடுறாங்க" என்பாள். எனக்குச் சாப்பாடு இறங்காது. கேட்டுக் கேட்டு மனப்பாடமே ஆகிவிட்டது.

இருவருமாக ஊர் சுற்றலாம் என்று பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, வீட்டு வண்டியாக மாற்றினேன். முன்னால் ஓட்டுகிறவர் சீட்டும் பக்கத்து சீட்டும். பின்னால் அடுப்பு, அலமாரி, சின்ன மேஜை, ஜன்னலோரமாக ஒரு நீள இருக்கை. இழுத்து விரித்தால் அதுவே கட்டில். அடர்நீலத் துணி, இரட்டைத் தையல். எங்கள் வீட்டு சோஃபாவுக்குக்கூட நான் அப்படி உழைத்ததில்லை.

தொந்தரவு பெல்ட்டால் வந்தது. தரையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த பெல்ட்டுகள் இருக்கையின் நடுவே முளைத்து நின்றன. விரித்துப் படுத்தால் பக்கிள் விலாவில் குத்தியது. கீழே இருந்த சாமான் பெட்டியின் மூடியும் திறக்கவில்லை. கடைக்கு வந்து போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "வீடுன்னு சொன்னீங்க, இன்னும் பஸ்ஸாத்தானே இருக்கு" என்று சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பின்னால் இருந்த எல்லா பெல்ட்டையும் கழற்றிவிட்டேன்.

அவள் வந்து பார்த்தாள். "பின்னால பெல்ட் இல்லாத வண்டியில நான் ஏற மாட்டேன். நீங்களும் உங்க சோஃபாவும் போயிட்டு வாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான்.

திரும்பவும் போல்ட் போட்டிருக்கலாம். பெரிய வேலை ஒன்றும் இல்லை. எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு பெல்ட்டின் இரண்டு நுனிகளையும் அளவாக வெட்டி, குஷனின் அடியில் கனத்த கேன்வாஸ் பட்டை வைத்து, அதோடு சேர்த்துத் தைத்தேன். மேலிருந்து பார்த்தால் பெல்ட் இருக்கும். மாட்டினால் க்ளிக்கென்று சத்தமும் வரும். வேண்டாதபோது அடியில் சொருகிவிடலாம், கண்ணுக்கே தெரியாது. வண்டிக்கும் குஷனுக்கும்தான் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவள் எதையும் இழுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். அதையும் யோசித்துத்தான் செய்தேன். மேலே உட்கார்ந்திருக்கிறவரின் எடையே குஷனை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். கை இழுப்புக்குத் தாராளமாகத் தாங்கும்.

கிளம்பிய அன்று அவள் முன் சீட்டில்தான் ஏறினாள். "இவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்கேன், ஒரு தடவை அங்க உட்கார்ந்து பாரேன்" என்று நான்தான் பின்னால் அனுப்பினேன். போய் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது தாங்குமாங்க?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. "இழுத்துப் பாரு" என்றேன்.

இரண்டு கையாலும் இழுத்தாள். "உங்க வாயை நம்ப முடியாது, தையலை நம்பலாம்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

வளைவில் குழாய் ஏற்றிய லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. நான் வேகமாகத்தான் வந்தேன். பிரேக் போட்டும் போய் இடித்தது. என் பெல்ட் என்னைப் பிடித்துக்கொண்டது. முன் சீட் பெல்ட்டுகளில் நான் கையே வைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். என் சீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டைத் தடுப்பின் கீழே கிடந்தாள். குஷன் அவள் இடுப்போடு பூட்டியபடியே இருந்தது. கண் திறந்திருந்தது. "கழுத்து. அசைக்காதீங்க" என்றாள். நர்ஸ் குரலில் தெளிவாகத்தான் சொன்னாள்.

வெளியே ஆட்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்ததும் எதைப் பார்ப்பார்கள் என்று யோசித்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனை அது ஒன்றுதான். பின்னால் போய் அவள் பக்கிளை அழுத்திக் கழற்றினேன். குஷன் அவள் முதுகுக்கு அடியில் சிக்கியிருந்தது. தோளைப் பிடித்துத் தூக்கி, உருவி எடுத்தேன். இருக்கையில் வைத்து, பெல்ட்டை அடியில் சொருகி, துணியின் சுருக்கத்தை நீவிவிட்டேன். அதன் பிறகுதான் கதவைத் திறந்து, காப்பாற்றுங்கள் என்று கத்தினேன். அதற்குள் அவள் மூச்சு நின்றிருந்தது.

அவளை அசைத்தது யார் என்று டாக்டர் கோபமாகக் கேட்டார். ஓடி வந்தவர்கள்தான் என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர்கள் உதவிக்கு வந்தவர்கள்.

நேற்று அவள் தம்பி எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதான். "ஊருக்கெல்லாம் சொன்னவ, தான் மட்டும் போடாம விட்டுட்டாளே" என்று செத்துப்போன அக்காவைத் திட்டினான். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அவள் பெல்ட் போட்டிருந்தாள். அதை வெட்டியவன் நான். பின்னால் போய் உட்காரச் சொன்னவன் நான். அசைக்காதே என்று கேட்டவளை அசைத்துக் கொன்றவனும் நான்தான். என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். பெல்ட் அறுந்துபோனது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குஷன் உங்களிடம்தானே இருக்கிறது? என் தையலில் ஒரு நூல்கூட விடவில்லை சார். இழுத்துப் பாருங்கள்.