மோட்டாருக்கு ஒரு குடம் தண்ணீர்

2009 ஏப்ரல் 17, வெள்ளி, காலை 9.40. கடும் வெயில். சிவகாசிப் பேருந்தில் நின்றவர்கள் மட்டும் இருபத்தாறு பேர். எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவன் மனைவி. கணவர் மடியில், வீட்டில் கணினி வழி மரம் செதுக்கும் சிஎன்சி இயந்திரத்துக்கு வாங்கிய, வெட்டுமுனையைச் சுழற்றும் புது ஸ்பிண்டில் மோட்டார்.

"குளாயில எட்டு நாளைக்கு ஒருக்கத்தான் தண்ணி வருது. இதுக்கும் தண்ணி ஊத்தணுமாக்கும்?" என்றார் மனைவி.

"சூடேறாம இருக்கத்தான். பழைய மோட்டார் சத்தத்துக்குத்தான வீட்டுக்காரரு காலி பண்ணச் சொன்னாரு? இது அம்புட்டுச் சத்தம் போடாது."

"எம்புட்டுத் தண்ணி வேணும்?"

"ஒரு குடம் போதும். அதே தண்ணிதான் சுத்திச் சுத்தி ஓடும்."

"அப்ப நீங்க குளிக்கிற ரெண்டு குடத்துல ஒண்ண ஊத்துங்க."

"நாளைக்குச் சனிக்கிழமை, எண்ணெய் தேய்க்கணுமே?"

"வீடு மாறுறதுக்குப் பதிலா அழுக்கோட இருக்கலாம்."

கணவர் சரியென்று தலையசைத்தார். மோட்டார் விலை போக, அவருக்கு ஆன செலவு: ஓர் எண்ணெய்க் குளியல்.