தூக்கிப் பார்த்து வாங்கியது

"கையில தூக்கிப் பாத்துத்தாண்ணே வாங்கினேன், நீங்க சொன்ன மாதிரியே" என்றார், சைனிக்புரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இளைஞர். தேங்காய் என்று நினைத்தேன்.

பக்கத்தில் இருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். "கம்ப்யூட்டர்ல புது கிராபிக்ஸ் கார்டு போட்டா, பழைய பவர் சப்ளை தாங்காதுப்பா. எத்தனை வாட்டு எடுத்த?"

"ஐந்நூறு. கடையில நாலைத் தூக்கிப் பாத்து, இருக்கறதுலயே கனமானதை எடுத்தேன்."

"கரெக்ட்டு. கனமா இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம். நானும் அதே கடையில அப்படித்தான் எடுத்தேன்."

"ஞாயித்துக்கிழமை கேம் போட்டேன். பத்தே நிமிஷம். டமார்னு வெடிச்சு ஒரே பொகை. கார்டும் போச்சு, மதர்போர்டும் போச்சு. மேசை கருகிடுச்சுண்ணே."

"ஐயய்யோ!"

"அப்புறம் பவர் சப்ளையோட மூடியைக் கழட்டினா, உள்ள சிமெண்டுக் கட்டி ஒட்டி வச்சிருக்கான். கனம் காட்ட."

"சிமெண்டா?"

"சிமெண்டேதாண்ணே."

நாற்பது வயதுக்காரர் செல்போனை எடுத்தார். அவசரமாக வீட்டுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, கம்ப்யூட்டர் ஓடுதா?"

"ஹவ் பப்பா, கேம் ஆடறேன்." உள்ளூர் இந்தி கலந்து பேசிய சிறுமியின் குரல் எனக்கே கேட்டது.

"சுவிட்சை ஆஃப் பண்ணு."

"கைக்கு?"

"ஏன்னு கேக்காத. மொதல்ல ஆஃப் பண்ணும்மா!"

"நக்கோ பப்பா. ரெண்டே நிமிஷம், ஜெயிச்சிருவேன்."

அவர் எழுந்து நின்று போட்ட சத்தத்தில், தமிழ் தெரியாத கண்டக்டர்கூட டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்.