மிட்டாதாரின் குதிரைப் பெட்டி

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சி வெயிலில் வந்த ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் கிட்ட வாருங்கள்... இன்னும் கிட்ட.

பகல் பன்னிரண்டு மணி. திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரிக்குப் போகிற சாலை. இன்றைக்கு இருக்கிற சாலை இல்லை. உலகச் சண்டைக்கு முந்திய காலத்துச் செம்மண் சாலை. இரண்டு பக்கமும் வெறும் புழுதிக்காடு, அங்கங்கே ஒரு பனை. ஆடி மாசம்தான், ஆனால் காற்றே இல்லை. ஒரு இலை அசையவில்லை...

அந்தச் சாலையில் ஒரு மோட்டார் கார் போகிறது. ஓட்டுகிறவர் என் சிநேகிதன் மயில்சாமியின் பெரியப்பா கந்தவேல். பக்கத்தில் அவருடைய முதலாளி, ஒரு மிட்டாதார், நாலைந்து ஊருக்குச் சின்ன ஜமீன்தார் மாதிரி. பேர் வேண்டாம், பேரன்கள் இன்னும் இருக்கிறார்கள். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிய இரண்டு சக்கர மரப்பெட்டி. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போனது. ஒரு குதிரை நின்றால் பக்கத்தில் ஒரு ஆள் ஒண்டலாம், அவ்வளவுதான் இடம். உள்ளே செவலைக் குதிரை. போகிற இடம் ஆடிதோறும் கூடுகிற அந்தியூர்க் குதிரைச் சந்தை.

கந்தவேல் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். காரணம், போன ஆடி.

போன ஆடியிலும் இதே கார், இதே பெட்டி, இதே குதிரை. ஆனால் அப்போது பெட்டிக்குள் சின்னான் இருந்தான். செவலையைக் குட்டியிலிருந்து வளர்த்தவன், எந்நேரமும் சுருட்டு வாசம் அடிப்பவன். ஏற்றும்போதே கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "எசமானுங்க, அடியில வைக்கோல் போடோணுங்க. கவுத்தை ஒரே இழுப்புல அவுர்ற மாதிரி கட்டோணுங்க. மாடு கட்டற முடிச்சு ஆவாதுங்க. வழுக்கி உழுந்துச்சுன்னா கழுத்து மாட்டிக்குமுங்க."

மிட்டாதார் கேட்டாரா? சந்தையில் பெட்டி பளிச்சென்று இருக்க வேண்டுமாம், வைக்கோல் கூடாது என்றுவிட்டார். குதிரை துள்ளுமே என்று தம் கையாலேயே கயிற்றைக் குட்டையாக இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். வண்டி மாடு கட்டிப் பழகிய கை. அவ்வளவு பெரிய மனுசனுக்கு எதிர்ப்பேச்சு பேச முடியுமா? "ஏதாச்சுன்னா பலகையத் தட்டறனுங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னான் உள்ளே போனான். பக்கக் கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள்.

சங்ககிரிக்கு முன்னால், இதே சாலையில் குதிரை வழுக்கியது. கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டு உதைத்தது. டம்... டம்... கூடவே, முன் பலகையைத் தட்டுகிற சத்தம். கந்தவேல் பிரேக்கில் கால் வைத்தார்.

"நிறுத்தாதடா! எடப்பாடிக் குதிரைக்காரன் நமக்கு முந்திப் போயி எடம் புடிச்சுருவான்" என்றார் மிட்டாதார்.

கந்தவேல் காலை எடுத்துவிட்டார். தட்டல் வெகு தூரம் கூடவே வந்தது... அப்புறம் வரவில்லை.

சந்தையில் திறந்து பார்த்தால், குதிரை எப்படியோ எழுந்து நின்றிருந்தது. சின்னான் அதன் காலடியில் நசுங்கிக் கிடந்தான். முடிச்சை அவிழ்க்கப் பார்த்து விரல் நகமெல்லாம் பிய்ந்திருந்தது. குடித்துவிட்டு விழுந்தான் என்று போலீசிடம் சொன்னார் மிட்டாதார். கந்தவேலைக் கேட்டார்கள். "ஆமாங்க" என்றார். சேதி கேட்டு ஓடி வந்த சின்னான் பெண்சாதி பொன்னாயி அங்கேயே மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. சாகவும் விட்டுவிட்டு, குடிகாரன் பட்டமும் கொடுத்தார்கள்.

ஆளைக் கொன்ற குதிரையை அந்த வருஷம் யாரும் வாங்கவில்லை. அதனால்தான் இந்த ஆடியில் மறுபடியும் அந்தியூர். இந்தத் தடவை கூடப் போக ஒரு ஆள் கிடைக்கவில்லை. கந்தவேல் தாமே வைக்கோல் பரப்பி, கயிற்றைத் தளர்த்திக் கட்டினார். மனசுக்குள் ஒரே கேள்வி. சின்னான் வந்தால் யாரிடம் வருவான்? நிறுத்தாதே என்ற வாயிடமா, ஓட்டிய காலிடமா?

அந்த இடம் வந்தது. குதிரை சாதுவாக நின்றது. அதுதான் அவருக்குப் பயம். தனியாக விட்டால் பலகையைப் பெயர்க்கிற குதிரை அது. அப்போது பெட்டிக்குள்ளிருந்து... ட்ச்... ட்ச்... நாக்கைத் தட்டி யாரோ குதிரையைத் தேற்றுகிற சத்தம். சுருட்டு வாசம் வேறு.

"எவன்டா உள்ள? எனக்குத் தெரியாம எவனை ஏத்துன? நிறுத்துடா!"

கார் நின்றது. மிட்டாதார் கைத்தடியோடு இறங்கினார். பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறினார். கந்தவேல் இறங்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம். அப்புறம் தாழ்ப்பாள்... டக். வெளித் தாழ்ப்பாள். எட்டிப் பார்த்தார். சாலையில் ஈ காக்கை இல்லை.

பக்கத்து சீட்டு மெல்ல அமுங்கியது. சுருட்டு வாசம் இப்போது காருக்குள்.

கந்தவேல் திரும்பவில்லை. உயிரோடு இருந்தபோது சின்னானை வாடா போடா என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு வாயில் அண்ணன் வந்தது. "சின்னாண்ணே... நான் புள்ளகுட்டிக்காரனுங்ண்ணே... என்னைய உட்டுருங்க."

பதில் வெகு மரியாதையாக வந்தது.

"மிதிங்க சாமி."

மிதித்தார். கார் பாய்ந்தது. பின்னால் டம்... டம்... அப்புறம் முன் பலகையில் தட்டல். "கந்தவேலு! நிறுத்துறா! அய்யோ, நிறுத்துறா!" நிறுத்த நினைத்தாராம். கால் வரவில்லையாம். சங்ககிரி போனது. குமாரபாளையம் போனது. பவானிப் பாலத்தின்மேல் ஜனங்கள் சிதறி ஓடினார்கள். தட்டல் அதற்குள் நின்றுவிட்டது. கார் மட்டும் நிற்கவில்லை. அந்தியூர்ச் சந்தைக்குள் புகுந்து, பெட்ரோல் தீர்ந்துதான் நின்றது.

பெட்டியைத் திறந்தார்கள். செவலை உடம்பில் ஒரு சொட்டு வேர்வை இல்லை, வைக்கோலை மென்றபடி நிற்கிறது. கீழே மிட்டாதார். உயிர் இல்லை. உடம்பில் ஒரு குளம்படிகூட இல்லை. அப்படியானால் அவ்வளவு தூரம் உதைத்தது எது? நல்லா வேணும் என்றுதான் நான் சொல்லுவேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை.

கந்தவேலை நாலு பேர் தூக்கித்தான் இறக்கினார்கள். வலது பாதம் மிதித்த வாக்கிலேயே நின்றுவிட்டது. வைத்தியம் பார்த்தார்கள், மந்திரித்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கோல் ஊன்றித்தான் நடந்தார். வெகு காலம் இருந்துவிட்டுப் போன தையில் போய்ச் சேர்ந்தார். நான் போயிருந்தேன். பிணத்தின் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும் அல்லவா? நானும் மயில்சாமியும்தான் கட்டினோம். இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை. நான் பாதத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன்...

அது என் கையைத் திருப்பித் தள்ளியது.