பூனையின் பெயர்

அந்த வக்கீல் நல்ல மனிதர். நான் உட்கார்ந்ததும் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். அவர் என்னை மிரட்டினார் என்று சொன்னால் அது பொய்.

மிரட்டல் முன்பே நோட்டீசாக வந்திருந்தது. இணையத்தில் இருக்கும் வீடியோவைக் கணினியில் இறக்கிக்கொள்ள ஒரு சின்ன மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம். எழுதியவரை எல்லோரும் ‘பூனை’ என்றுதான் அறிவார்கள். நெட் சரியாக வராத ஊர்களின் ஆசிரியர்கள் பூனைக்கு நன்றி எழுதுவார்கள். பூனை என் அக்காவின் கணவர் என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

மென்பொருள் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பகுதி என் பொறுப்பு. பூனையின் கணக்கிலிருந்தே நானும் பதிவேற்றுவேன். இறக்கிப் பார்க்கும் மாதிரிகளாக அதில் ஒரு பெரிய பாட்டுக் கம்பெனியின் புதுப் பாடல்களைப் போட்டிருந்தேன்.

“இது வேண்டாம்டா, வம்பு,” என்றார் அத்தான்.

எடுத்துவிடுகிறேன் என்றேன். எடுக்கவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை.

கம்பெனி பிடித்துக்கொண்டது அந்தப் பாடல்களைத்தான். திருடுவதற்கென்றே செய்த கருவி, இதுவே சாட்சி என்றது நோட்டீஸ். மென்பொருள் பக்கத்தில் தொடர்புக்கு என் பெயரைக் கொடுத்திருந்ததால் அது எனக்கு வந்தது.

“உங்களை மாட்டிவிட எங்களுக்கு ஆசை இல்ல தம்பி. பூனை யாருன்னு தெரிஞ்சாப் போதும்,” என்றார் கம்பெனியின் வக்கீல்.

சொன்னேன். பாடல்களைப் போட்டது யார் என்று அடுத்துக் கேட்டார். அதற்கும் அத்தானைத்தான் சொன்னேன். ஒருமுறை சொன்ன பெயரை மறுபடி சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

நீதிமன்றத்தில் அதே கேள்வி வந்தபோது அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான் போட்டேன்,” என்றார். மென்பொருளை அழிக்க வைத்தார்கள். இனி இந்த மாதிரி எதையும் எழுதக் கூடாது என்றார்கள். விஷயம் தெரிந்து அவருடைய வேலையும் போயிற்று. இப்போது பகலெல்லாம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். கணினி இருந்த மேசையில் அக்கா துணி மடிக்கிறாள். அந்த வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை எங்கே விடுவது என்றுகூட எனக்குத் தடுமாறுகிறது. ஆனாலும் போகிறேன், போகாவிட்டால் ஏன் என்று கேட்பாள்.

நேற்று பரிமாறிக்கொண்டே அக்கா கேட்டாள்: “நம்ம மூணு பேரைத் தவிர யாருக்குமே தெரியாதேடா. எவன் சொல்லியிருப்பான்?”

“அவங்க எப்படியும் கண்டுபிடிச்சிருப்பாங்கக்கா,” என்றேன். அது பொய்யில்லை.

அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “விடு. அவனுக்கு இன்னும் கொஞ்சம் போடு,” என்றார்.

போட்டாள். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.